ஃப்ரீசரில் இருக்கும் குழாய் யாருடையது?

பயோடெக் கம்பெனி தொடங்குகிறவர்களிடம் வழக்கமாக இரண்டு ஃபைல்கள் இருக்கும். ஒன்று ஆடிட்டருக்கும் வக்கீலுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருக்கும். மற்றது லேப் மேஜையில் கிடக்கும். ஒன்றில் என்ன இருக்கிறது என்று மற்றதை வைத்திருப்பவருக்குத் தெரியாது. சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அது பெரிய குறையல்ல. பயோடெக்கில் கம்பெனியின் சொத்தே மைனஸ் 80 டிகிரியில் உறைந்திருக்கும் சில நூறு குழாய்கள்தான். ஒவ்வொரு குழாயும் எங்கிருந்து வந்தது, என்ன நிபந்தனையில் வந்தது, எந்த ஆபத்து வகையைச் சேர்ந்தது, கடைசியில் எந்தப் பையில் வெளியே போகும் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் சட்டக் கேள்வியும் லேப் கேள்வியும் ஆகும். முதலீட்டாளரின் வக்கீல் முதல் வாரத்திலேயே கேட்பது இதைத்தான்.

தமிழ்நாட்டில், ஆராய்ச்சிப் படிப்பை முடித்த கையோடு இரண்டு மூன்று பேர் சேர்ந்து தொடங்கும் கம்பெனியை மனதில் வைத்து எழுதுகிறேன். செய்யவேண்டியவற்றைவிட, எதை எதற்கு முன்னால் செய்யவேண்டும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பங்கும் கையெழுத்தும்

கம்பெனி வடிவத்தைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். வெளி முதலீடு வாங்கும் எண்ணம் இருந்தால் பிரைவேட் லிமிடெட்தான். எல்எல்பி எனும் கூட்டாண்மை வடிவத்தில் வருடாந்திரச் செலவு குறைவு. ஆனால் அதில் பங்கு என்ற ஒன்றே கிடையாது என்பதால் முதலீடு வரும் சமயத்தில் மாற்றித்தான் ஆகவேண்டும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி குறைந்தது இரண்டு இயக்குநர்கள், இரண்டு பங்குதாரர்கள் வேண்டும். இயக்குநர்களில் ஒருவராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். பதிவான 30 நாளுக்குள் முதல் போர்டு கூட்டமும் ஆடிட்டர் நியமனமும் முடிய வேண்டும். 180 நாளுக்குள், பங்குப் பணம் வங்கிக்கு வந்துவிட்டது என்று ஐஎன்சி-20ஏ படிவம் போட வேண்டும். லேப் வேலை மும்முரத்தில் மறந்துபோவது இந்தப் படிவம்தான். அது இல்லாமல் கம்பெனி தொழில் தொடங்கவும் கூடாது, கடன் வாங்கவும் கூடாது. அபராதம் 50,000 ரூபாய்.

நிறுவனர்களின் பங்குக்கு நான்கு வருட வெஸ்டிங் (பங்கு கொஞ்சம் கொஞ்சமாக உரிமையாவது), முதல் வருடத்துக்குள் விலகினால் எதுவும் இல்லை என்பது வழக்கமான ஏற்பாடு. அதை ஒரு தனி ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்தால் போதாது. பங்கு மாற்றத்துக்குப் போடும் கட்டுப்பாடு கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸில் (உள்விதிகளில்) இல்லாவிட்டால் அது கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று வி.பி. ரங்கராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே ஆர்ட்டிகிள்ஸையும் திருத்திவிடுங்கள்.

இதைவிட முக்கியமானது கண்டுபிடிப்பின் உரிமை. ஊழியர் கண்டுபிடித்தது முதலாளிக்குத் தானாகச் சேரும் என்று நம் காப்புரிமைச் சட்டத்தில் எங்கும் எழுதியில்லை. கண்டுபிடித்தவரிடமிருந்து எழுத்துமூலம் உரிமை மாற்றம் வாங்க வேண்டும். 68ஆம் பிரிவு எழுத்துமூலம் இல்லாத மாற்றத்தை ஏற்பதில்லை. நிறுவனர்களும் இதற்கு விலக்கல்ல. கம்பெனி பதிவாவதற்கு முன் செய்த வேலையைத் தனியாகக் குறிப்பிட்டு மாற்றித்தர வேண்டும். இன்டர்ன், பகுதிநேர ஆலோசகர், பயோஇன்ஃபர்மாடிக்ஸ் ஸ்கிரிப்ட் எழுதித்தந்த நண்பர் என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஸ்கிரிப்டுக்குக் காப்பிரைட் சட்டம் பொருந்தும். அங்கே இன்னொரு பொறி இருக்கிறது. மாற்றப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம்தான் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்ற சொற்களை எழுதாமல் விட்டால் பின்னால் நஷ்டம்.

வேலையை விட்டுப் போனபின் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று எழுதி வாங்குவது வீண். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி அது செல்லாது. ரகசியம் காக்கும் ஒப்பந்தமும் ஒழுங்கான நோட்டுப் புத்தகமும்தான் உதவும்.

கல்லூரியில் பிறந்த யோசனை என்றால் அந்தக் கல்லூரியின் அறிவுச் சொத்து (ஐபி) கொள்கையை வரி வரியாகப் படியுங்கள். அரசுப் பணத்தில் உருவான அறிவுச் சொத்து யாருக்குச் சேரும் என்று சொல்ல 2008இல் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. அதனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதனதன் விதி. 'சார் ஓகே சொல்லிட்டார்' என்பது ஆவணம் ஆகாது. ஐபி அலுவலகத்தின் கடிதம் வேண்டும், பேராசிரியரும் நிறுவனர் என்றால் அவருக்கு நிர்வாகம் கொடுத்த அனுமதியும் வேண்டும்.

வாயைத் திறப்பதற்கு முன்

அமெரிக்காவில் கண்டுபிடிப்பை வெளியிட்டு ஒரு வருடத்துக்குள் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே அந்தத் தாராளம் இல்லை. 31ஆம் பிரிவு சில குறிப்பிட்ட கண்காட்சிகளுக்கும் கற்றோர் சங்கத்தில் படித்த கட்டுரைக்கும் 12 மாதச் சலுகை தருகிறது, அவ்வளவுதான். ஐரோப்பாவில் அதுவும் அனேகமாக இல்லை. போஸ்டர், ப்ரீபிரின்ட் (இதழில் வரும் முன் இணையத்தில் ஏற்றும் கட்டுரை), போட்டி மேடையில் காட்டும் ஸ்லைடு எல்லாம் வெளியீடுதான். நம் ஊருக்கே உரிய ஆபத்து ஆய்வேடு. ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறிய நாளிலிருந்து அது உலகத்துக்கே திறந்த புத்தகம். விண்ணப்பம் போட்டு முடியும்வரை பதிவேற்றத்தை நிறுத்திவைக்கப் பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

தற்காலிக விவரக்குறிப்பைப் போட்டுவிட்டு 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கலாம். அந்த 12 மாதத்தைத் தூங்கிக் கழிக்கிறவர்கள் அதிகம். தற்காலிகத்தில் இல்லாத தரவுக்கு அந்தத் தேதியின் பாதுகாப்பு கிடைக்காது. ஒரே ஒரு மரபணு வரிசையைச் சோதித்துவிட்டு '80 சதவீத ஒப்புமை உள்ள எல்லா வரிசைகளும்' என்று கேட்டால் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் ஆதாரம் எங்கே என்பார். மாற்றுருக்கள், எதிர்மறைக் கட்டுப்பாடு, குறைந்தது மூன்று தனித்தனி மறுசெய்கை எல்லாம் அந்த வருடத்துக்குள் லேபில் நடந்து முடிய வேண்டும். மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறையான டிபிஐஐடியின் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புக்கு ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய நிறுவனத்துக்கு 8,000. விரைவுப் பரிசோதனையும் கேட்கலாம். 2024 மார்ச் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்குப் பரிசோதனைக் கோரிக்கை 31 மாதத்துக்குள் வந்தாக வேண்டும். பழைய கையேடுகளில் 48 என்றிருக்கும், நம்பாதீர்கள்.

இந்தியாவில் வசிப்பவர் முதலில் வெளிநாட்டில் விண்ணப்பிக்கக்கூடாது. இங்கே போட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது படிவம் 25இல் அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் இணைக் கண்டுபிடிப்பாளராக இருந்து, அவருடைய பல்கலைக்கழகம் முந்திக்கொண்டு அங்கே போட்டுவிட்டால் இங்குள்ளவர் 39ஆம் பிரிவை மீறியவர் ஆகிறார்.

எதற்குக் காப்புரிமை கிடைக்காது என்பதையும் ஆராய்ச்சித் திட்டம் போடும்போதே பாருங்கள். காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு விலக்குபவை இவை: இயற்கையில் உள்ளதைக் கண்டெடுத்தது 3(சி), தெரிந்த பொருளின் புதிய வடிவம் 3(டி), வெறும் கலவை 3(இ), மனிதர் விலங்குகளுக்கான சிகிச்சை மற்றும் நோயறி முறை 3(ஐ), செடி, விலங்கு, விதை 3(ஜே), பாரம்பரிய அறிவு 3(பி) (ஆங்கிலத்தில் p). நோவார்ட்டிஸின் கிளிவெக் என்ற புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பம் 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நிராகரிக்கப்பட்டு 2013இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது 3(டி)யில்தான். மண்ணில் கிடைத்த பாக்டீரியாவை அப்படியே கேட்டால் கிடைக்காது. அதில் மரபணு மாற்றம் செய்த உருவையோ, அதை வைத்துச் செய்யும் முறையையோ கேட்கலாம். நுண்ணுயிரை எழுத்தில் முழுதாக விவரிக்க முடியாவிட்டால், விண்ணப்பத் தேதிக்குள் புடாபெஸ்ட் உடன்படிக்கையின் கீழ் வரும் சேமிப்பகத்தில் வைத்துவிட வேண்டும். சண்டிகரில் எம்டிசிசி, புணேயில் எம்சிசி இருக்கின்றன. கல்ச்சர் பிழைக்கிறதா, கலப்படம் இல்லையா என்று பார்த்துத்தான் எண் தருவார்கள் என்பதால் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் அனுப்பிவைத்துவிட்டுத் தவிக்காதீர்கள்.

குழாயின் பூர்வீகம்

பழைய லேபிலிருந்து பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) கொண்டுவருவது எளிது. ஒரு துண்டு வடிதாளில் சொட்டு வைத்து உறையில் போட்டால் போதும். அதனாலேயே எல்லோரும் செய்கிறார்கள். கம்பெனி விலைபோகும் நேரத்தில் அதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

ஆட்ஜீன் போன்ற களஞ்சியத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த பிளாஸ்மிட், பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தோடு வந்திருக்கும். கல்வி நிறுவனங்கள் பயன்படுத்தும் பொது ஒப்பந்தம் வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. வாங்கிய நிறுவனத்தைத் தாண்டி வேறொருவருக்குக் கொடுக்கவும் விடுவதில்லை. ஏடிசிசி என்ற களஞ்சியத்தின் செல் லைனை (லேபில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகையை) காசு கொடுத்து வாங்கினாலும், அதை வைத்து விற்பனைப் பொருள் தயாரிக்கவோ கட்டணச் சேவை செய்யவோ தனி உரிமம் வேண்டும். நண்பர் லேபில் இருந்து வாங்கிய ஹெக்-293 மனித செல் குழாய்க்குப் பூர்வீகமே கிடையாது. அதில் எடுத்த தரவு நன்றாகவே இருந்தாலும், அதன்மேல் கட்டிய பொருளுக்கு எவரும் பணம் போட மாட்டார்கள்.

மாற்று வழி இருக்கிறது. தேவையான ஜீனின் வரிசையைக் கொடுத்து செயற்கையாகத் தயாரிக்கச் சொல்லி, வணிக அனுமதி தெளிவாக உள்ள வெக்டரில் (ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏவில்) வாங்கிக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் பரிமாற்ற ஒப்பந்தத்தின் தளை போய்விடும். அந்த வரிசைக்குக் காப்புரிமை இருந்தால் அது போகாது. இரண்டும் வேறு வேறு தடைகள். முதலாவது அந்தக் குழாயோடு ஒட்டியது, இரண்டாவது எந்தக் குழாயானாலும் விடாது. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி என்பதால் இந்தியாவில் தடை இருக்கிறதா என்பதை இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளத்தில் பாருங்கள். அரசு அனுமதிக்காகத் தரவு திரட்டும் வேலைக்கு 107ஏ பிரிவு விலக்கு தருகிறது. விற்பனைக்கு அது உதவாது.

கிட் பெட்டிக்குள் இருக்கும் சின்ன எழுத்துத் தாளையும் தூக்கிப்போடாதீர்கள். 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற வரி பல என்சைம்களுக்கும் ஒளிரும் சாயங்களுக்கும் உண்டு. நோயறி கிட்டின் முதல் மாதிரியை அப்படிப்பட்ட என்சைமை வைத்துச் சரிசெய்துவிட்டால், பிறகு வேறு சப்ளையரிடம் மாறும்போது மெக்னீசிய அளவு, வெப்பநிலை, கண்டறியும் எல்லை எல்லாவற்றையும் மறுபடி நிறுவ வேண்டிவரும். மொத்தமாக விற்கச் சம்மதிப்பவரிடமிருந்தே முதல் நாளில் வாங்குங்கள்.

அடுத்து, நம் மண்ணில் எடுத்த பொருள். வேம்பு, கடல்பாசி, வயல் மண்ணில் பிரித்த ஆக்டினோமைசீட் பாக்டீரியா எல்லாம் 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி உயிரியல் வளங்கள். நுண்ணுயிரியும் சேர்த்தி என்பது பலருக்குத் தெரிவதில்லை. மனித மரபணுப் பொருள் மட்டும் சேர்த்தி இல்லை. தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையில், தரமணி டைசல் பயோ பார்க்கில்தான் இருக்கிறது. அதே வளாகத்தில் லேப் வைத்திருந்தும் அந்தப் படியை ஏறாத கம்பெனிகள் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

2023 திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியக் கம்பெனி வணிகப் பயன்பாட்டுக்காக வளத்தை எடுப்பதற்கு முன் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காப்புரிமை வழங்கப்படும் முன் தேசிய ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகும்போது ஆணையத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். முன்பு கம்பெனியில் ஒரே ஒரு பங்கு வெளிநாட்டவரிடம் இருந்தாலும் ஆராய்ச்சிக்கே முன் அனுமதி என்றிருந்தது. இப்போது கம்பெனி வெளிநாட்டவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இது நல்ல மாற்றம்தான், ஆனால் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. முதலீட்டாளர் சொன்னார் என்று அமெரிக்காவின் டெலவேரில் தாய்க் கம்பெனி தொடங்கி, சென்னைக் கம்பெனியை அதன் துணை நிறுவனம் ஆக்கிவிட்டால், அன்றைக்கே நீங்கள் வெளிநாட்டுக் கட்டுப்பாட்டு நிறுவனம். நேற்றுவரை அறிவிப்பு மட்டும் போதும் என்றிருந்த அதே வேலைக்கு இன்று முன் ஒப்புதல் வேண்டும். ஆராய்ச்சி முடிவை வெளிநாட்டவருக்கு மாற்றித்தர 4ஆம் பிரிவின் கீழும் ஒப்புதல் வேண்டும்.

'கடையில் வாங்கிய மஞ்சள்தானே' என்ற வாதமும் அடிக்கடி வரும். பண்டமாக வாங்கி விற்க விலக்கு உண்டு. அதிலிருந்து சேர்மம் பிரித்து மருந்தாக்க அந்த விலக்கு பொருந்தாது. சாகுபடி செய்த மூலிகைக்குத் திருத்தத்தில் சலுகை இருக்கிறது, அதற்கும் எங்கே விளைந்தது என்ற சான்று தேவை. ஆகவே சேகரிக்கும்போதே தேதி, ஊர், ஜிபிஎஸ் புள்ளி, நிலத்துக்காரர், மாதிரி எண் எல்லாவற்றையும் குறித்துவிடுங்கள். காப்புரிமை விண்ணப்பத்தில் வளத்தின் மூலத்தையும் இடத்தையும் சொல்வது 10(4) பிரிவின்படி கட்டாயம். மறைத்தாலோ தவறாகச் சொன்னாலோ அதையே காரணமாக்கிக் காப்புரிமையை ரத்து செய்யக் கேட்கலாம்.

செல் லைன் வந்தவுடன் செய்யவேண்டியது: தனி இன்குபேட்டரில் ஒதுக்கி வைத்து, பிசிஆர் முறையில் மைக்கோபிளாஸ்மா (மிக நுண்ணிய பாக்டீரியா) சோதனை, எஸ்டிஆர் அடையாளச் சோதனை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் ஒன்றும் செய்யாது. மீடியம் கலங்காது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, 0.2 மைக்ரான் வடிகட்டியையும் தாண்டும். ஆனால் ஜீன் வெளிப்பாடு முழுவதையும் மாற்றிவிடும். இரண்டும் சரியென்றால் உடனே செல் வங்கி போடுங்கள், அதாவது செல்களைக் குழாய்களில் உறையவைத்துச் சேமியுங்கள். ஒரு மில்லிக்கு 10 முதல் 20 லட்சம் செல், 10 சதவீத டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்), நிமிடத்துக்கு 1 டிகிரி குளிர்விப்பு, பிறகு திரவ நைட்ரஜன். மாஸ்டர் வங்கியில் 10 முதல் 20 குழாய், அதில் ஒன்றிலிருந்து வேலை வங்கி. ஒரு வாரம் கழித்து ஒரு குழாயை உருக்கிப் பிழைக்கிறதா என்று பார்க்காதவரை அதை வங்கி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஐபிஎஸ்சி

மரபணு மாற்றிய உயிரி எதையும் தொடுவதற்கு முன் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு (ஐபிஎஸ்சி) வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள் சொல்வது இது. வெறும் டிஎச்5ஆல்ஃபா என்ற சாதாரண லேப் பாக்டீரியாவில் பிளாஸ்மிட் ஏற்றுகிறோம், இதற்குமா என்றால், ஆமாம், இதற்கும்தான். வேலை எளிது என்பதால் நடைமுறை சுருங்கும், குழு வேண்டாம் என்றாகாது.

பதிவு உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஐபிகேபி இணையதளத்தில். நிறுவனத் தலைவர் அல்லது அவர் நியமிப்பவர், மரபணு வேலை தெரிந்த விஞ்ஞானிகள், வெளி நிபுணர், மருத்துவப் பின்னணி உள்ள பாதுகாப்பு அலுவலர், உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதி என்று குழு அமையும். மூன்று பேர் கம்பெனிக்கு இந்த ஆட்களைச் சேர்ப்பதே பெரும்பாடு. ஸ்டார்ட்அப்புகளுக்கு இடம் தரும் இன்குபேட்டரில் இருந்தால் அதன் குழு உங்கள் வேலையையும் பார்க்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடம் மாறினால் பதிவையும் மறுபடி பார்க்க வேண்டும்.

2017 வழிகாட்டுதல்களின்படி உயிரிகள் நான்கு ஆபத்துக் குழுக்கள். முதல் வகைச் சோதனைக்கு ஐபிஎஸ்சி குழுவுக்கு அறிவித்தால் போதும், இரண்டாம் வகைக்குக் குழுவின் முன் அனுமதி, மூன்றாம் வகையிலிருந்து குழு வழியாக ஆர்சிஜிஎம் என்ற மத்தியக் குழுவின் அனுமதி. லென்டிவைரஸ் வேலை பிஎஸ்எல்-2 (இரண்டாம் உயிரிப் பாதுகாப்பு நிலை). செடி ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: வெளி மரபணு எதுவும் மிஞ்சாத எஸ்டிஎன்-1, எஸ்டிஎன்-2 வகை ஜீன் எடிட்டிங் செடிகளுக்கு 2022 மார்ச் 30 அன்று 1989 விதிகளில் 7 முதல் 11 வரையிலானவற்றிலிருந்து விலக்கு வந்தது. மிஞ்சவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

அறை

பிஎஸ்எல்-2 என்றதும் எதிர்மறை அழுத்தம், ஏர்லாக் என்று கான்ட்ராக்டர் விலை சொல்வார். அதெல்லாம் பிஎஸ்எல்-3க்கு. இரண்டாம் நிலைக்கு வேண்டியது: தானாக மூடும் கதவு, கட்டுப்படுத்திய நுழைவு, ஆபத்துக் குறி, கதவருகே கை கழுவும் தொட்டி, துடைக்கக்கூடிய தரையும் மேசையும், எட்டும் தூரத்தில் ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் கலன்), தெறிக்கும் வேலைக்கு உயிரிப் பாதுகாப்புக் கேபினட். மிச்சமாகும் பணத்தை மின்சாரத்தில் போடுங்கள்.

லாமினார் ஃப்ளோவும் பாதுகாப்புக் கேபினட்டும் ஒன்றல்ல. கிடைமட்ட லாமினார் ஃப்ளோ உங்கள் கல்ச்சரைக் காப்பாற்றி அதன் காற்றை உங்கள் முகத்தில் அடிக்கும். மனித செல்லுக்கும் வைரஸுக்கும் இரண்டாம் வகுப்பு ஏ2 கேபினட்தான். முகப்பில் விநாடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் காற்று உள்ளே இழுக்கப்பட வேண்டும். எதிரே ஏசியோ, பக்கத்தில் கதவோ இருந்தால் அந்தக் காற்றுத் திரை கிழிந்துவிடும். உள்ளே பன்சன் அடுப்பு கூடாது, சூட்டில் எழும் காற்று ஓட்டத்தைக் கலைக்கும். வருடத்துக்கு ஒருமுறையும், இடம் நகர்த்திய ஒவ்வொரு முறையும் சான்றிதழ்ச் சோதனை செய்ய வேண்டும். வாங்கும் முன் லிஃப்ட் கதவை அளந்து பாருங்கள், சிரிப்பாக இருக்கலாம், நான்கடிக் கேபினட் கீழ்த்தளத்திலேயே நின்றுவிடுவது உண்டு.

மைனஸ் 80 ஃப்ரீசர் ஒன்று, வயதையும் மாடலையும் பொறுத்து, நாளொன்றுக்கு 10 முதல் 20 யூனிட் இழுக்கும். இழுத்த அத்தனையும் வெப்பமாக அறைக்குள் இறங்கும். சித்திரை மாதத்தில் ஏசி நின்றால் முதலில் திணறுவது அதன் கம்ப்ரசர். கரண்ட் போகும்போது வரும் சேதத்தைவிடத் திரும்பி வரும்போது வருவது அதிகம். எல்லா மோட்டார்களும் ஒரே நொடியில் கிளம்பி பிரேக்கர் விழுந்துவிடும், அது இரவாக இருந்தால் காலைவரை யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஃப்ரீசருக்கும் தனி லைன், ஸ்டெபிலைசர், சில நிமிட இடைவெளி விட்டு ஓடவைக்கும் டைமர், சொந்த பேட்டரியுள்ள எஸ்எம்எஸ் அலாரம் வையுங்கள். வங்கியின் பாதிக் குழாய்கள் வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

சென்னை போர் தண்ணீரை ஆட்டோகிளேவில் ஊற்றினால் சில மாதத்தில் ஹீட்டரில் உப்புப் படியும், வால்வு அடைக்கும். ஆர்ஓ தண்ணீர் போதும். பிசிஆருக்கும் செல் கல்ச்சருக்கும் மிகச் சுத்தமான 18.2 மெகாஓம் தண்ணீர். திரவ நைட்ரஜன் ஒரு லிட்டர் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். காற்றோட்டம் இல்லாத சின்ன அறையில் அதை வைப்பவர் ஆக்சிஜன் அலாரத்தையும் வைக்க வேண்டும்.

ஆல்கஹால் விஷயத்தில் தமிழ்நாடு கறார். ரெக்டிஃபைடு ஸ்பிரிட்டுக்கும் மெத்தனாலுக்கும் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும், இருப்புப் பதிவேடு வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். மெத்தனால் கேனுக்குக் கணக்கு இல்லாத லேபை யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள்.

வாடகைப் பத்திரத்தில் 'அலுவலகப் பயன்பாடு' என்று மட்டும் இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விண்ணப்பம் அங்கேயே சிக்கும். ஆய்வகம், ரசாயனம், எரிவாயு உருளை, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். மத்திய அரசு நிறுவனமான பிராக்கின் பிக் மானியம் போல 18 மாதத்துக்கு 50 லட்சம் வரை கிடைக்கும் பணம் மைல்கல் முடித்தால்தான் அடுத்த தவணையாக வரும். உரிமங்களுக்காகக் காத்திருந்த மாதங்களும் அந்தப் 18க்குள்தான் அடங்கும்.

குப்பை

2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகள் மருத்துவமனைக்கு மட்டும் அல்ல, ஆராய்ச்சி லேபுக்கும்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் படிவம் 2 வழியாக. ஆண்டறிக்கை படிவம் 4, ஜூன் 30க்குள். 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் சொந்த எரிகலன் வைக்க முடியாது. ஆனால் நுண்ணுயிர்க் கழிவை ஒப்படைக்கும் முன் நீங்களே கொன்றாக வேண்டும். கல்ச்சர் தட்டும் குப்பியும் மஞ்சள் பை, பிப்பெட் டிப், பிளாஸ்டிக் குழாய் சிவப்பு, ஊசியும் பிளேடும் துளைக்காத வெள்ளை டப்பா, கண்ணாடி நீலம். பைகளில் பார்கோடு. மஞ்சள் பையை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

கல்லூரி லேபில் பழகியவர்கள் தவறுவது ஆட்டோகிளேவ் நேரத்தில். மீடியாவுக்கு 121 டிகிரியில் 15 நிமிடம் போதும். கழிவுக்கு விதி சொல்வது, காற்று தானாக வெளியேறும் வகை ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பிஎஸ்ஐ, 60 நிமிடம். வெற்றிட வகையில் 45. பையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், காய்ந்த கழிவென்றால் உள்ளே நூறு இருநூறு மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். நீராவி உள்ளே போகாத பையில் நடுப்பகுதி வெறுமனே சூடாகும், கிருமி சாகாது. நிறம் மாறும் டேப் வெப்பத்தை மட்டும் காட்டும். ஜியோபேசிலஸ் ஸ்போர் குப்பியைப் பையின் நடுவில் வைத்துச் சோதித்தால்தான் நிரூபணம்.

திரவக் கழிவுக்கு ஹைப்போகுளோரைட். 5 சதவீதத்தில் வாங்கியதை ஒன்றுக்கு நான்கு தண்ணீர் கலந்தால் 1 சதவீதம். நம் வெயிலில் கேனிலேயே வீரியம் இறங்கிக்கொண்டிருக்கும் என்பதால் கரைசலை அன்றன்று கலக்குங்கள். ஹைப்போ ஊற்றியதை ஆட்டோகிளேவில் வைத்தால் குளோரின் கிளம்பும். அதைவிட மோசம் ஆர்என்ஏ பிரிக்கும் கரைசலோ குவானிடின் உள்ள கிட் பஃபரோ ஹைப்போவுடன் சேர்வது. நச்சு வாயு வரும், குவானிடின் தயோசயனேட் என்றால் சயனைடு வகை வாயுவே வரும். இரண்டு கேனையும் ஒரே தொட்டியருகே வைக்காதீர்கள். கரைப்பான், எத்திடியம் புரோமைடு போன்றவை அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் தனி. அதிகபட்சம் 90 நாள் இருப்பு.

மனித மாதிரி, சோதனை உரிமம்

ரத்தமோ சளியோ தொடும் வேலைக்குப் பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். மருத்துவமனையில் மிஞ்சிய மாதிரி என்றாலும் அப்படித்தான். ஒப்புதல் படிவத்தில் 'வணிகப் பொருள் உருவாக்கத்துக்கும் பயன்படலாம்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத ஐந்நூறு மாதிரிகளில் எடுத்த தரவை உரிம விண்ணப்பத்தில் வைக்கத் தயங்க வேண்டியிருக்கும், அத்தனை பேரையும் தேடிப்போய் மறு ஒப்புதல் வாங்குவது நடக்கிற காரியமும் அல்ல.

நோயறி கிட் செய்பவர்களுக்கு 2017 மருத்துவக் கருவி விதிகள். ஆபத்து குறைந்த ஏ, பி வகுப்பு உற்பத்தி உரிமம் மாநிலத்திடம், ஆபத்து கூடிய சி, டி மத்திய அமைப்பான சிடிஎஸ்சிஓவிடம். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி சோதனைகள் டி. இதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. சோதனைக்காகத் தயாரிக்கும் முதல் தொகுப்புக்கே எம்டி-12 படிவத்தில் விண்ணப்பித்து எம்டி-13 என்ற சோதனை உரிமம் வாங்க வேண்டும், எந்த வகுப்பானாலும் சிடிஎஸ்சிஓவிடம்தான். புதிய மருந்தென்றால் 2019 விதிகள் தனி. இந்த உரிமத்தின் தேதி, மருத்துவமனையில் மதிப்பீடு தொடங்கிய தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையில் தொகுப்பு எண், தயாரித்த தேதி, உரிம எண் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று அனுப்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.